பாக்கெட் ஹோல் ஸ்க்ரூ: என்ன நீளம், என்ன மரை, எந்த மரத்துக்கு எது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாக்கெட் ஹோல் போட பிட்டை சரியான சாய்வுல பிடிச்சுக் கொடுக்கிற கருவிதான் ஜிக். அதை வாங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் பத்து வீடியோ பாக்குறாங்க, விலை ஒப்பிடுறாங்க, ஆனா ஸ்க்ரூ மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிட்டு வந்துடறாங்க. கடைசில ஜாயிண்டு நிக்கிறதும் பலகை பொளக்கிறதும் அந்த ஸ்க்ரூவுலதான் இருக்கு. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன்.

பாக்கெட் ஹோல்னா என்ன, புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லுங்க?

ரெண்டு பலகையை எல் மாதிரியோ, டி மாதிரியோ, ஒரே மட்டமாவோ சேக்கணும்னா, ஒரு பலகையோட உள்பக்கத்துல ஜிக் வெச்சு சுமார் 15 டிகிரி சாய்வுல ஓட்டை போட்டு, அதுவழியா ஸ்க்ரூவை அடுத்த பலகைக்குள்ள ஏத்துறோம். இதுக்கான பிட் ரெண்டு அளவுல இருக்கும், பின்னாடி தடிமனான பகுதி 9.5 மிமீ, அதாவது 3 நூல், முன்னாடி முனை மட்டும் ஒல்லி. அதனால ஓட்டைக்குள்ள தடி ஓட்டை முடியிற இடத்துல தட்டையா ஒரு படி உருவாகும். ஸ்க்ரூவோட தலை அந்தப் படியிலதான் உக்காரும், அந்தப் படிதான் இழுத்துப் பிடிக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, கீழே வர்ற பாதி பதில் இதுலேர்ந்துதான் வருது.

சாய்வா ஓட்டை போட்டு சேக்குறது ரொம்ப பழைய வேலைதான், ஆனா வீட்ல வெச்சு செய்யிற மாதிரி சின்ன ஜிக்கா இதைப் பரப்புனது கிரெக் கம்பெனி. அமெரிக்கால ஐயோவா மாநிலத்துல கிரெய்க் சொமர்ஃபெல்டுங்கறவர் 1980கள்ல தன் வீட்டு கிச்சன் கேபினட்டுக்காக செஞ்சதுலேர்ந்து வந்தது.

எங்கிட்ட ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கருப்பு ஸ்க்ரூ நிறைய இருக்கு ப்ரோ, அதையே போட்டா என்ன?

போடாதீங்க. இந்தக் கேள்விதான் எல்லாத்தையும் விட அதிகமா வருது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கருப்பு ஸ்க்ரூவோட தலைக்கு அடிப்பக்கம் பாருங்க, புனல் மாதிரி சரிஞ்சு இருக்கும். சிஎஸ்கேன்னு சொல்ற கவுண்டர்சங்க் ஸ்க்ரூவும், சிப்போர்டு ஸ்க்ரூன்னு மஞ்சளா கிடைக்கிறதும் இதே கதைதான். அந்தச் சரிவை தட்டையான படி மேல வெச்சு முறுக்குனா அது உக்காராது, ஆப்பு அடிச்ச மாதிரி உள்ள இறங்கி மரத்தை ரெண்டா விரிக்கப் பாக்கும். உடனே விரிசல் வெளிய தெரியாது, அதுதான் இதுல மோசம். ஒரு துண்டு பைன் கட்டைல போட்டு முறுக்கிட்டு, ஓட்டையோட சேத்து நீளவாக்குல அறுத்துப் பாருங்க, தலை இருக்கிற இடத்துலேர்ந்து ரேகை வழியா மயிரிழை மாதிரி ஒரு பொளவு ஓடியிருக்கும். அலமாரில புத்தகம் ஏத்துனதுக்கு அப்புறம் அது வாய் திறக்கும்.

பாக்கெட் ஹோல் ஸ்க்ரூவோட தலைக்கு அடிப்பக்கம் முழுத் தட்டை. ரெண்டு வகை வருது, ஒண்ணு வாஷர் சேர்ந்தே வர்ற அகலத் தலை, இன்னொண்ணு பேன் ஹெட்னு சொல்ற சின்ன உருண்டைத் தலை. ப்ளைவுட், மர நாரை அழுத்தி செஞ்ச எம்.டி.எஃப் பலகை, பைன் மாதிரி மெத்துன்னு இருக்கிற எல்லாத்துக்கும் அகலத் தலையே எடுங்க, அழுத்தம் பரவலா விழும். பேன் ஹெட் கடின மரத்துக்கும், 12 மிமீ மாதிரி மெல்லிசான பலகைக்கும்.

கருப்பு ஸ்க்ரூல ரெண்டாவது பிரச்சினை, அது ரொம்ப கெட்டியாக்குன இரும்பு. கெட்டியா இருக்கிறதால வளையாது, பட்டுன்னு ஒடியும். ஜிப்சம் போர்டைத் தாங்கிப் பிடிக்க அது போதும், பக்கவாட்டுல ஆட்டம் வர்ற ஃபர்னிச்சருக்குப் போதாது.

அப்ப பாக்கெட் ஹோல் ஸ்க்ரூன்னு கேட்டா நம்ம ஊர் ஹார்டுவேர் கடைல கிடைக்குமா?

பேரைச் சொன்னா முழிப்பாங்க, ஆன்லைன்ல சுலபமா கிடைக்குது. கடைலயே வாங்கணும்னா பேரைச் சொல்லாம குணத்தைச் சொல்லிக் கேளுங்க: தலைக்கு அடிப்பக்கம் தட்டையா இருக்கணும், தலை 9.5 மிமீ ஓட்டைக்குள்ள போகணும், மரை மரத்துக்கானதா இருக்கணும். பேன் ஹெட் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூன்னு ஒண்ணு கொடுப்பாங்க, அது தகரத்துக்கானது, மரை தலை வரைக்கும் ஓடும், அவசரத்துக்கு ஓடும், ஆனா அது நல்லா இழுத்துப் பிடிக்காது. காரணம் என்னன்னா முதல் பலகைக்குள்ளயும் மரை கடிச்சா ரெண்டு பலகையும் ஒரே இடைவெளியோட அப்படியே நிக்கும், நெருங்காது. சரியான ஸ்க்ரூல தலைக்குக் கீழ கொஞ்ச தூரம் மரை இல்லாம வழவழன்னு இருக்கும், முனைல ஒரு சின்ன வெட்டு இருக்கும், அந்த வெட்டுதான் தனக்குத் தானே வழி துளைச்சுக்கும்.

எடுத்துட்டுப் போறப்ப நீங்க ஓட்டை போட்ட ஒரு துண்டுப் பலகையைக் கைல கொண்டு போயிடுங்க. வாயால விளக்குறதை விட அது மேல்.

நீளம் எப்படி முடிவு பண்றது? சார்ட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுதே?

பெரும்பாலும் எல்லா சார்ட்டும் ஒண்ணுதான் சொல்லுது, இன்ச்சுலேர்ந்து மிமீக்கு மாத்துறப்ப குழம்பிடுது. 12 மிமீ பலகைக்கு 25 மிமீ ஸ்க்ரூ, 16க்கும் 25தான், 18-19 மிமீக்கு 32, ஒரு இன்ச் கட்டைக்கு 38, ஒன்றரை இன்ச் கட்டைக்கு 64. ஆசாரிங்க பாஷைல சொன்னா 6 நூல் பலகைக்கு 10 நூல் ஸ்க்ரூ.

கணக்கு இதுதான். 19 மிமீ பலகைல ஜிக்கை சரியா செட் பண்ணிருந்தா ஸ்க்ரூ பலகையோட கனத்துக்கு நடுவுலேர்ந்து வெளிய வரும். 32 மிமீ ஸ்க்ரூல கிட்டத்தட்ட பாதி முதல் பலகைக்குள்ள நின்னுடும், மீதி பாதி அடுத்த பலகையைக் கடிக்கும், அதாவது சுமார் 16 மிமீ. சாய்வா போறதால நேர் ஆழம் அரை மிமீ குறையும், அவ்வளவுதான். இப்ப அந்த அடுத்த பலகை 12 மிமீதான்னு வெச்சுக்கோங்க, முனை மறுபக்கம் எட்டிப் பாத்துடும், அதுவும் மைக்கா ஒட்டுன முகப்பா இருந்தா போச்சு. அதனால ரெண்டு பலகையும் வேற வேற கனமா இருந்தா மெல்லிசானதைப் பாத்துத்தான் நீளத்தை எடுக்கணும். 19 மிமீல ஓட்டை, 12 மிமீல ஏறுதுன்னா 25 மிமீ ஸ்க்ரூ.

சந்தேகமா இருந்தா சுலபமான வழி, ஓட்டை போட்ட பலகைல ஸ்க்ரூவைப் போட்டு படியில தலை உக்கார்ற வரைக்கும் தள்ளிட்டு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற நீளத்தை ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. அந்த நீளம் அடுத்த பலகை கனத்தை விடக் குறைவா இருக்கணும்.

18 மிமீ ப்ளைவுட்னு சொல்லித்தான் வாங்குனேன், அளந்தா 17தான் இருக்கு. மாத்தணுமா?

சகஜம். ஷீட்டுக்கு ஷீட்டு, ஒரே ஷீட்லயே மூலைக்கு மூலை மாறும். 17லேர்ந்து 19 வரைக்கும் 32 மிமீ ஸ்க்ரூவே ஓடும், ஆனா ஜிக்கோட செட்டிங்கை 19லயே விட்டுட்டு மெல்லிசான ஷீட்ல போட்டா ஸ்க்ரூ நடுவுல வராம ஒரு பக்கமா தள்ளி வரும், அந்தப் பக்கம் உப்பிக்கும். ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டியாச்சுன்னா அதையும் சேத்து அளங்க, 17 ப்ளைவுட் 19 ஆயிடும். வெர்னியர் இல்லாட்டி பரவால்ல, டேப்பை மட்டும் நம்பாதீங்க, அதோட நுனில இருக்கிற கொக்கி ஆடும்.

ஷீட்ல ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710னு முத்திரை இருக்கும், முதலாவது சாதாரண கமர்ஷியல் ப்ளைவுட்டுக்கான தரம், ரெண்டாவது மரைன். அது தண்ணியைத் தாங்குற பசையைப் பத்தின விஷயம், ஸ்க்ரூ தேர்வு அதால மாறாது. உள்ள அடுக்கு காலியா சந்து விட்டிருக்கிற ப்ளைவுட்தான் உண்மையான எதிரி, ஸ்க்ரூ போய் காத்துல சுத்தும். வெட்டுன ஓரத்தைப் பாத்து சந்து இருக்கிற இடத்தைத் தவிர்த்து ஓட்டை போடுங்க.

கோர்ஸ் த்ரெட், ஃபைன் த்ரெட் எது எதுக்கு?

மரை அகல அகலமா, உயரமா இருந்தா கோர்ஸ். நெருக்கமா, தாழ்வா இருந்தா ஃபைன். மெத்து மரத்துக்கு நிறைய கடிக்கணும், அதனால கோர்ஸ்: பைன், சில்வர் ஓக், ப்ளைவுட், எம்.டி.எஃப், மரச் சில்லை ஒட்டி செஞ்ச பார்ட்டிகிள் போர்டு எல்லாம் இதுல வரும். கடின மரத்துல கோர்ஸ் போட்டா மரை போக இடம் இல்லாம மரத்தை விரிச்சுக்கிட்டே போகும், இல்லாட்டி ஸ்க்ரூ பாதியில ஒடிஞ்சு நின்னுடும், அங்க ஃபைன்.

கடைல கோர்ஸ் பெரும்பாலும் 8ஆம் நம்பர், அதாவது 4.2 மிமீ தடிமன், ஃபைன் 6 இல்லாட்டி 7ஆம் நம்பர்ல வரும். இது கையால தொட்டுப் பாத்தாலே தெரியும்.

ஸ்க்ரூவோட மரை எந்த மரத்துக்குள்ள போய் கடிக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணணும், ஓட்டை போட்ட மரத்தை வெச்சு இல்ல. ப்ளைவுட் பெட்டிக்கு முன்னாடி தேக்கு சட்டம் வெக்கிறோம், ஓட்டை ப்ளைவுட்ல, மரை கடிக்கிறது தேக்குல, அப்ப ஃபைன்தான். இதை நிறைய பேர் தலைகீழா செய்யிறாங்க.

நம்ம ஊர் மரங்களுக்கு சொல்லுங்க. தேக்கு, வேம்பு, வேங்கை, ரப்பர் மரம்?

வெளிநாட்டு சார்ட்ல ஓக், மேப்பிள்னு இருக்கும், நமக்கு ஒட்டாது. தேக்கை எல்லாரும் இரும்பு மாதிரின்னு நினைக்கிறாங்க, கடினத்துல அது நடுத்தரம்தான், அமெரிக்க ரெட் ஓக்கை விட கொஞ்சம் மெத்து. முத்துன வைரம் பாஞ்ச தேக்குல ஃபைன் போடுங்க, இப்ப கிடைக்கிற இளம் தோட்டத்து தேக்கு, வெள்ளையா இருக்கிற ஓரப் பகுதி, இதுல எல்லாம் கோர்ஸே நல்லா பிடிக்கும். விரல் நகத்தால அழுத்துனா தடம் விழுந்தா கோர்ஸ்னு வெச்சுக்கோங்க. தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு, கோந்து போடப் போறீங்கன்னா ஒட்டுற முகத்தை தின்னரோ அசிட்டோனோ நனைச்ச துணியால துடைச்சுட்டு உடனே ஒட்டுங்க.

வேம்பும் மாவும் தேக்கை ஒட்டியே வரும், ஃபைன் போடலாம். வேங்கை, கருவேலம், பழைய வீட்லேர்ந்து எடுத்த உத்தரக் கட்டை இதெல்லாம் கண்டிப்பா ஃபைன், அதோட ஸ்க்ரூ முனைல கொஞ்சம் மெழுகு தேச்சுக்கோங்க, சாதா மெழுகுவர்த்தி போதும். ரொம்ப முறுக்கா இருந்தா அடுத்த கட்டைலயும் ஒல்லி பிட்டால வழி போட்டுட்டு ஏத்துங்க. ரப்பர் மரத்துல செஞ்ச ஒட்டுப் பலகை இப்ப நிறைய வருது, அது பாக்க மெத்துன்னு தெரியும், உண்மைல தேக்குக்குப் பக்கத்துல நிக்கும், அதனால அதுலயும் ஃபைன் ஓடும், ஓரத்துல கோர்ஸ் போட்டா பொளக்க வாய்ப்பு இருக்கு.

எம்.டி.எஃப்ல போட்டா சுத்திக்கிட்டே இருக்கே, பிடிக்கவே இல்ல?

ட்ரில்லோட கிளச்சை, அதாவது எவ்வளவு முறுக்குனதும் நிக்கணும்னு செட் பண்ற வளையத்தை, குறைக்காம போட்டிருப்பீங்க. எம்.டி.எஃப்ல தலை உக்கார்ந்ததுக்கு அப்புறம் கால் சுத்து அதிகமா போனாலும் மரை உள்ள இருக்கிற நாரை மாவாக்கிடும், அதுக்கு மேல அந்த ஓட்டை உங்களுக்கு உதவாது. கோர்ஸ் த்ரெட், அகலத் தலை, கிளச் 4-5ல ஆரம்பிச்சு தேவைன்னா ஒவ்வொண்ணா ஏத்துங்க. இம்பாக்ட் டிரைவரை எடுக்கவே எடுக்காதீங்க, அது நிறுத்துறதுக்குள்ள தலை படியைத் தாண்டி உள்ள போயிடும். எம்.டி.எஃப் ஓரத்துல, அதாவது கனத்துக்குள்ள, ஸ்க்ரூ ஏத்துனா அடுக்கு பிரியும், முடிஞ்ச வரைக்கும் முகப்புல ஏறுற மாதிரி ஜாயிண்டை மாத்திப் போடுங்க.

பார்ட்டிகிள் போர்டும் இதேதான், இன்னும் மோசம். கழட்டி மாட்டணும்னா அதுல பாக்கெட் ஹோலே வேணாம்.

நடுவுல கட்டைத் துண்டு வெச்சு செஞ்ச பிளாக் போர்டுல?

போடலாம், திசை பாக்கணும். உள்ள இருக்கிற கட்டைத் துண்டுங்க எல்லாம் ஒரே பக்கமா நீளவாக்குல அடுக்கியிருக்கும். அந்தத் துண்டுகளோட பக்கவாட்டுல ஸ்க்ரூ ஏறுனா அருமையா பிடிக்கும். அறுத்த முனைல ஏறுனா ஒண்ணு நார் வழியா நேரா போய் பிடிமானம் இல்லாம நிக்கும், இல்லாட்டி ரெண்டு துண்டுக்கு நடுவுல இருக்கிற சந்துல போய் விழும். இது திட மரத்துக்கும் பொருந்தும், அதனாலதான் சட்டம் செய்யறப்ப ஓட்டையை குறுக்குச் சட்டத்தோட முனைல போடுவாங்க, ஸ்க்ரூ போய் நிமிந்து நிக்கிற சட்டத்தோட பக்கவாட்டு நாரைக் குறுக்கா கடிக்கும். மாத்திப் போட்டா பாதி பலம்கூட நிக்காது.

வெளில வெக்கிற பெஞ்சு, பால்கனி செடி ஸ்டாண்டு. எந்த கோட்டிங்?

வீட்டுக்குள்ளன்னா சாதா ஜிங்க் போதும். மழை படுற இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் எடுத்துடுங்க. அதுல 304ங்கற தரம் பொதுவா போதும், கடற்கரைப் பக்கம் வீடுன்னா 316 கிடைச்சா நல்லது, உப்புக் காத்துல 304கூட புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும். கோட்டிங் போட்ட ஸ்க்ரூவும் விக்கிறாங்க, வெளில போடலாம்னு எழுதியிருக்கும், ஆனா முறுக்குறப்ப பிட் கடிச்ச இடத்துல கோட்டிங் உரிஞ்சா அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். கெமிக்கல் ஏத்தி பதப்படுத்துன பைன் வாங்குனீங்கன்னா அதுல இருக்கிற செம்பு உப்பு ஜிங்க்கை சீக்கிரம் தின்னுடும், அதுக்கு ஸ்டெயின்லெஸ்தான். ஓக் மரத்துல சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரம் பட்டா சுத்தி கருநீலமா கறை விழும், தேச்சாலும் போகாது.

ஒரு எச்சரிக்கை, ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மெத்து உலோகம், தலை சீக்கிரம் தேஞ்சுடும், கடின மரத்துல ஒடியவும் செய்யும். மெதுவா ஏத்துங்க. அதோட ஓட்டை மேல் பக்கம் பாத்து இருந்தா தண்ணி தேங்கும், ஓட்டை வாய் கீழ பாக்குற மாதிரி திட்டம் போடுங்க.

எல்லா பாக்கெட் ஸ்க்ரூவும் சதுர ஓட்டையா இருக்கே, ஸ்டார் பிட் ஆகாதா?

ஸ்டார்னு நம்ம சொல்ற பிலிப்ஸ் பிட் அழுத்தம் கூடுனா நழுவி வெளிய வரும். பாக்கெட் ஹோல்ல தலை ஒன்றரை இன்ச் உள்ள கிடக்கு, கண்ணுக்கு சரியா தெரியாது, அங்க நழுவுனா தலையையும் கெடுத்து ஓட்டை சுவரையும் கிழிச்சுடும். சதுர பிட் தலையில உக்காந்தா உக்காந்ததுதான், ஸ்க்ரூவை பிட்ல மாட்டி ஒரு கையால ஓட்டைக்குள்ள விடலாம். 1900களோட தொடக்கத்துல கனடாவுல பி.எல். ராபர்ட்சன் கொண்டு வந்த தலை அது. பாக்கெட் ஸ்க்ரூவுக்கு 2ஆம் நம்பர் சதுர பிட், 150 மிமீ நீளமானது வாங்கிடுங்க, குட்டை பிட்னா ட்ரில்லோட வாய் பலகைல இடிக்கும். ஆறு முனை நட்சத்திரம் மாதிரி குழி இருக்கிற டார்க்ஸ் தலைல வர்றதும் நல்லதுதான்.

இறுக்குறப்ப பலகை நகந்துடுது, மட்டம் வரமாட்டேங்குது.

அது ஸ்க்ரூ குத்தம் இல்ல, சாய்வா தள்ளுறதால பலகை மேல ஏறத்தான் செய்யும். ஜாயிண்டு மேலயே கிளாம்ப் விழணும், ஒரு தாடை அந்தப் பலகை பாதி இந்தப் பலகை பாதின்னு ரெண்டையும் சேத்து அமுக்கணும். மூலை ஜாயிண்டுக்கு 90 டிகிரி கிளாம்ப்.

இன்னொண்ணும் பாருங்க, ஓட்டை போடுறப்ப பிட்டோட முனை ஜிக்கோட அடியைத் தொடக் கூடாது, ஒரு நூல் இடைவெளி விட்டு, பிட்ல ஆழத்தை நிறுத்துற காலரை முறுக்குங்க. முனை முழுசா வெளிய வந்துட்டா ஓரம் பிசிறடிச்சு அந்தப் பிசிறு ரெண்டு பலகைக்கு நடுவுல மாட்டிக்கும், எவ்வளவு முறுக்குனாலும் சந்து தெரியும்.

எத்தனை ஸ்க்ரூ, கோந்து வேணுமா?

சட்டத்துக்கு ஒரு முனைக்கு ரெண்டு, அப்பத்தான் திரும்பாது. 2 இன்ச்சுக்குக் கீழ இருக்கிற ஒல்லி சட்டத்துலயும் நெருக்கியாவது ரெண்டு போடப் பாருங்க. பெட்டி, அலமாரின்னா 6லேர்ந்து 8 இன்ச்சுக்கு ஒண்ணு, ஓரத்துலேர்ந்து 2 இன்ச் உள்ள தள்ளி. ஃபெவிகால் போட்டா நல்லது, கழட்டணும்னா போடாதீங்க, அவ்வளவுதான்.

டைனிங் டேபிள் மேல் பலகையை பாக்கெட் ஸ்க்ரூவால கால் சட்டத்தோட இறுக்கலாமா?

ப்ளைவுட் டாப்னா தாராளமா. திட மரம்னா வேணாம். அகலவாக்குல மரம் மழைக்காலத்துல விரியும், கோடைல சுருங்கும், மூணடி அகல தேக்கு டாப் சில மிமீ நடமாடும், ஸ்க்ரூ விடாதுன்னு பிடிச்சா மரம்தான் பொளந்து வழி விடும். அதுக்கு எட்டு மாதிரி இருக்கிற தகடு கிளிப்போ, இசட் கிளிப்போ போடுங்க, அது நகர விடும். சட்டத்தையும் காலையும் சேக்குறதுக்கு பாக்கெட் ஹோல் போடலாம், கோந்தோட.

நாற்காலிக்கு நான் போட மாட்டேன். பின்னாடி சாஞ்சு ஆடுற ஆட்டம் எல்லாம் ஒரே ஜாயிண்டுல விழும், அங்க கழுந்து வெட்டி இறக்குறதுக்கு மாற்று கிடையாது. கட்டிலோட நீளச் சட்டத்துக்கும் போல்ட்டோ கொக்கித் தகடோதான்.

நான் டொரன்டோல இருக்கேன், இங்க டூ பை ஃபோர் கட்டைலதான் எல்லாம் செய்யிறோம். எந்த அளவு?

பேருதான் 2க்கு 4, உண்மைல அது ஒன்றரைக்கு மூன்றரை இன்ச், 38க்கு 89 மிமீ. 64 மிமீ, அதாவது இரண்டரை இன்ச் கோர்ஸ் த்ரெட் எடுங்க. வொர்க் பெஞ்ச், தோட்டத்து மேசை மாதிரி பாரம் தாங்குறதுக்கு அரை இன்ச் பிட்டோட வர்ற பெரிய ஜிக் தனியா இருக்கு, அதுல 14ஆம் நம்பர் தடி ஸ்க்ரூ போகும். அந்தக் கட்டை கடைலேர்ந்து வர்றப்ப ஈரமா இருக்கும், ஹீட்டர் ஓடுற வீட்டுக்குள்ள வந்ததும் சுருங்கி ஸ்க்ரூ லூஸ் ஆகும், அதனால கொஞ்ச நாள் உள்ளயே அடுக்கி வெச்சு காய விட்டுட்டு வேலையை ஆரம்பிங்க, முடிச்சதுக்கு அப்புறமும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்க.

முதல் தடவை வாங்குறேன், எது எது வாங்கி வெச்சுக்கலாம்?

18 மிமீ ப்ளைவுட்தான் உங்க வேலைன்னா 32 மிமீ கோர்ஸ், அகலத் தலை, ஒரே ஒரு டப்பா. மிச்சத்தை வேலை வர்றப்ப வாங்கிக்கலாம். ஏழெட்டு அளவு கலந்த பாக்ஸ் செட் பாக்க ஆசையா இருக்கும், அதுல 32 முதல்ல தீர்ந்துடும், மத்தது வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும்.

ஓட்டை லூஸ் ஆயிடுச்சு, ஸ்க்ரூ சும்மா சுத்துது. பலகையை மாத்தணுமா?

வேணாம். முதல்ல ஒரு அளவு நீளமான ஸ்க்ரூ போட இடம் இருக்கான்னு பாருங்க, முனை வெளிய வராதுன்னா 32க்குப் பதில் 38 போட்டாலே புது மரத்தைப் போய் கடிச்சுடும். இடம் இல்லன்னா ஜாயிண்டைப் பிரிச்சு, மரை கடிச்ச ஓட்டைல பல் குத்துற குச்சி இல்லாட்டி மூங்கில் சீவலை ஃபெவிகால்ல முக்கி இறுக்கமா அடிச்சு ஒரு ராத்திரி காய விட்டு, மட்டமா வெட்டிட்டு, அதே ஸ்க்ரூவை கையால ஏத்துங்க, ட்ரில் வேணாம். எம்.டி.எஃப்லன்னா குச்சி நிக்காது, அரை இன்ச் தள்ளி புது ஓட்டை போட்டுக்கோங்க, பழைய ஓட்டைக்கு மர பிளக் விக்கிறாங்க, சாய்வா சீவி வர்றது, கோந்து வெச்சு அடிச்சு தேச்சுட்டா பெயிண்டுக்கு அடில தெரியாது.